ஏரியைக் காலியாக்கியவர்கள்

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கி, மக்களைப் படகில் ஏற்றி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. நாலாண்டு கூட முடியவில்லை. 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் உள்ளிட்ட சென்னையின் நான்கு குடிநீர் ஏரிகளும் வறண்டு கிடந்தன. அதே புறநகர்த் தெருக்களில் லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் காத்திருந்தன.

செங்கற்பட்டுச் சீமைக்கு இந்த இரண்டு முகமும் புதிதில்லை. இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்யும். அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் வரும் நாலைந்து புயல் நாள்களில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில். வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. பாலாறே பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் ஆறு. இந்த மழையை மட்டும் நம்பி நெல் விளைவித்த ஒரு வேளாண் சமூகம் தாம்பரத்தைச் சுற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. அது கட்டிய பாசன அமைப்பின் எச்சங்களைத்தான் நாம் இன்று சிட்லபாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி, பீர்க்கங்கரணை ஏரி என்று அழைக்கிறோம். ஏரிகள் பல இன்னும் இருக்கின்றன. ஆனால் அவற்றை இயக்கிய ஒரு முக்கியமான உறுப்பு நின்றுபோய்விட்டது. அது கரையோ கால்வாயோ இல்லை என்பது என் கருத்து.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். பல்லாவரம், திரிசூலம், தாம்பரம், வண்டலூர் குன்றுகள் எல்லாம் சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல் இந்த வட்டாரத்துக் கல் என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். பாறையின்மேல் மண் மெல்லிய போர்வைதான். மழை அதில் அதிகம் இறங்காது, வழிந்து ஓடும். கிணறு வெட்டினால் சில கெஜத்தில் பாறை முட்டும். குன்றுகளைத் தாண்டினால் நிலம் கடலை நோக்கி மிக மெல்லச் சரிகிறது. மலைக்கு மலை அடைத்து உயரமாக அணை கட்டுவதற்கான பள்ளத்தாக்கு எங்கும் இல்லை. ஆகவே இந்த நிலத்தில் நீரை நிறுத்தச் சாத்தியமான வழி ஒன்றே: சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் நீளமாக மண்கரை போட்டு, ஆழம் குறைவாக, அகலமாக நீரைப் பரப்பி நிறுத்துவது. ஆழமில்லாத நீர் விரைவில் ஆவியாகும் என்பது தெரிந்தே செய்த ஏற்பாடு இது. நீரை ஆண்டு முழுவதும் சேமித்து வைப்பது அதன் நோக்கமே இல்லை.

ஏரியின் உறுப்புகளைச் செங்கற்பட்டு உழவர்கள் துல்லியமாகப் பெயரிட்டு வைத்திருந்தார்கள். மேட்டிலிருந்து நீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். நீரைத் தாங்குவது கரை. கரையின் அடியில் வயலுக்கு நீர் விடுவது மதகு. பழைய கல்வெட்டுகளில் தூம்பு. கரையின் கோடியில், குறித்த மட்டத்துக்கு மேல் ஏறும் நீரைத் தானாகவே வெளியேற்றுவது கலங்கல். கலங்கலிலிருந்து இறங்கும் நீரை எடுத்துச் செல்வது போக்குக்கால். அதுவே கீழூர் ஏரிக்கு வரத்துக்கால். ஓர் ஊரின் மிச்சம் அடுத்த ஊரின் முதல். இப்படிச் சங்கிலியாகக் கோத்த ஏரிகளில் மேலூர்க்காரர் கலங்கலை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் கீழூர்க்காரரின் போகம் குறையும். கீழூரில் போக்குக்கால் தூர்ந்தால் மேலூர்க் கரைக்கு ஆபத்து. எனவே கலங்கலின் உயரம் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிய ஓர் ஊர்-ஊர் ஒப்பந்தம் என்றே சொல்ல வேண்டும்.

தாம்பரம் வட்டாரத்தில் இந்தச் சங்கிலிகள் இரு திசையில் பிரிகின்றன. மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், சோமங்கலம் ஏரிகளின் மிகைநீர் சேர்ந்துதான் அடையாறு உருவாகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகே வந்து கலக்கிறது. கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகள் செம்பாக்கத்துக்கு நீர் விட, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு நீர் போகிறது. பிறகு ஒக்கியம் மடுவும் பக்கிங்காம் கால்வாயும் அதைக் கோவளம் முகத்துவாரத்துக்குக் கொண்டு செல்கின்றன. பள்ளிக்கரணையில் வந்து முடியும் ஏரிகள் மட்டும் முப்பதுக்கு மேல். 2015இல் முடிச்சூரை மூழ்கடித்தது செம்பரம்பாக்கத்து வெள்ளம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். முடிச்சூர் அந்த உபரி வந்து சேரும் இடத்துக்கு மேலே இருக்கிறது. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் நீர்.

இந்த அமைப்பின் வயதைக் காட்டும் சான்றுகள் பக்கத்திலேயே கிடைக்கின்றன. காஞ்சிக்கு அருகே கூரத்தில் கிடைத்த செப்பேடு, 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் பரமேசுவர தடாகம் என்ற ஏரிக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால் வெட்டப்பட்டதைச் சொல்கிறது. அதே நூற்றாண்டில்தான் பல்லவன் நரசிம்மவர்மனும் சாளுக்கியன் புலிகேசியும் தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலத்தில் மோதினார்கள். போர்க்களமாகவே நாம் நினைவு வைத்திருக்கும் அந்த ஊர் இந்த வட்டாரத்தின் பெரிய ஏரியூர்களில் ஒன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இன்னும் விரிவானவை. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 920ஐ ஒட்டி, ஊரின் 30 பகுதிகளான குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையை அவை விதிக்கின்றன. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அதே ஊரின் வயிரமேக தடாகத்தில் ஓடம் விட்டு வண்டல் அள்ளுவதற்கென்றே அறக்கட்டளைகள் வைத்திருந்தார்கள். ஏரி வெட்டியவரைப் போற்றுவது எந்தக் காலத்திலும் எளிது. வண்டல் அள்ளும் கூலிக்கு நிரந்தரமாக முதல் போட்டு வைத்ததில்தான் அந்தச் சபையின் அறிவு தெரிகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆவணம் இதற்கு வேறொரு பக்கத்தைச் சேர்க்கிறது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை ஆய்ந்தார். வரலாற்றாய்வாளர் தரம்பாலும் சென்னையின் கொள்கை ஆய்வு மையத்தாரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அந்தக் கணக்குகளில், களத்தில் நெல் குவிந்ததும் அரசுப் பங்கும் மிராசுதார் பங்கும் பிரிப்பதற்கு முன்பே ஏரிப் பராமரிப்புக்கும் ஊர்ப்பணியாளருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது தெரிகிறது. விளைச்சல் நன்றாக இருந்தால் ஏரியின் பங்கும் கூடும். பஞ்சத்தில் குறையும். மேலிடத்துக்கு மனுப்போட்டுக் காத்திருக்கும் நிதி அது இல்லை.

இதைப் பொற்காலமாகப் பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உத்திரமேரூர் சபை பிராமணர்களின் பிரமதேயச் சபை. வாரியத்துக்கு வர நிலம், சொந்த மனை, வேதக் கல்வி வேண்டும். கரையில் மண் சுமந்தவர்களும், நள்ளிரவில் மதகைத் திறந்து அடைத்தவர்களும், உடைப்பில் இறங்கி அடைத்தவர்களும் பெரும்பாலும் பறையர் சேரி மக்கள். அவர்கள் அந்த ஏரி பாயும் நிலத்தில் உடைமையற்ற பண்ணையாள்களாகவே இருந்தார்கள். 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் அவர்களின் நிலையை அறிக்கையாக எழுதினார்; பஞ்சமி நிலம் ஒதுக்கும் அரசாணை மறு ஆண்டு அதிலிருந்து பிறந்தது. ஏரியைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களுக்கு ஏரியில் உரிமை இல்லை என்பது அந்த அமைப்பின் உள்ளே இருந்த விரிசல். இன்றைக்கு அதை மீட்க நினைக்கிறவர் இந்த அநீதியையும் சேர்த்து மீட்டுவிடக் கூடாது.

இனி, நின்றுபோன அந்த உறுப்புக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும். மதகைத் திறந்து சம்பாவைக் கரையேற்றுவார்கள். தை, மாசியில் நவரைக்கு நீர் போகும். பங்குனி, சித்திரையில் ஏரி வற்றிக் கால்படும் ஆழத்துக்கு வரும்போது மீன் பிடிப்பார்கள். அடுத்து ஏரி காயும். காய்ந்த தரையில் ஆடுமாடு மேயும். வெடித்த வண்டலை மாட்டுவண்டியில் ஏற்றி வயலுக்கு எருவாக அடிப்பார்கள். குயவர் களிமண் எடுப்பார். சொர்ணவாரிக்கு, ஏரி நீர் ஊறிப் பெருகிய கிணறுகளிலிருந்து கவலை இறைப்பு. ஆவணி, புரட்டாசியில் கரையைச் செப்பனிட்டு, கால்வாயில் மண்டிய செடியை வெட்டுவார்கள். மழை வரும்போது ஏரி காலி, தரை சுத்தம், கரை பலம்.

ஏரியை நிரப்பியது மழை. ஆண்டுதோறும் காலியாக்கியது நெற்பயிர். காலியானதால்தான் தூர் எடுக்க முடிந்தது. காலியானதால்தான் அடுத்த ஐப்பசியின் முதல் புயலை அது தன்னுள் வாங்கிக்கொண்டது. பாசனம், வெள்ளத்தடுப்பு, தூர்வாரல், நிலத்தடி நீர் என்று நாம் இன்று நான்கு துறைகளாகப் பார்க்கும் வேலைகளை ஒரே செயல் செய்து முடித்தது: மதகைத் திறப்பது. அதைத் திறக்கச் சொல்ல, ஏரி பாயும் வயல்களான ஆயக்கட்டு முழுவதும் பயிர் காத்திருந்தது. யாரும் ஆணையிட வேண்டியிருக்கவில்லை.

உழவரிடமிருந்து ஏரி விலகிய கதை நீளம். களத்துப் பங்குகளை வருவாயோடு சேர்த்துக்கொண்ட கம்பெனி, பராமரிப்பை மட்டும் ஊராரின் கடமையாகவே விட்டுவைத்தது. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரி உட்படப் பலவற்றைச் செப்பனிட்டது உண்மை. ஏரிகாத்த ராமர் கோயில் அவர் பெயரை இன்றும் சொல்கிறது. ஆனால் பொதுப் போக்கு வேறாக இருந்தது. 1858இல் குடிமராமத்தைக் கட்டாயமாக்கச் சட்டமே போட வேண்டியிருந்தது. தன் ஏரி என்ற நினைப்பு இருந்தவரை தானாக வந்து மண் சுமந்த ஊருக்குத் தண்டனை காட்டிக் கூப்பிடும் நிலை வந்ததை அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

1931 மே மாதம் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது. கிறித்தவக் கல்லூரி 1937இல் இங்கே குடியேறியது. பிறகு ரயில் பாதையின் இருபுறமும் மெதுவாகத் தொடங்கி, கடந்த நாற்பது ஆண்டுகளில் வேகமெடுத்து, வயல்கள் மனைகளாயின. முதலில் போனது ஏரி அல்ல, ஆயக்கட்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஏரிக்குக் கீழே உள்ள நிலம் பட்டா நிலம், விற்கலாம். ஏரி அரசு நிலம். வயல் மனையானதும் மதகுக்கு வேலை இல்லை. திறந்தால் தெருவில் தண்ணீர் ஓடும் என்பதால் அடைத்தார்கள். வயல்வாய்க்கால் சாக்கடையானது. பிறகு மேட்டுக் குடியிருப்புகளின் கழிவுநீர் வரத்துக்கால் வழியாகவே ஏரிக்குள் வந்தது. கோடையிலும் அது நிற்கவில்லை. இப்படித்தான் செம்பாக்கம் போன்ற ஏரிகள் ஆண்டு முழுவதும் வற்றாத நீர்நிலைகளாகி, ஆகாயத்தாமரை மண்டிப்போயின. வற்றாத ஏரி பார்வைக்குச் செழிப்பு. வெள்ள காலத்துக்கு அதில் இடம் இல்லை, தூர் எடுக்கத் தரை தெரிவதில்லை.

ஏரியே மனையானதும் உண்டு. அம்பத்தூரிலும் முகப்பேரிலும் அரசே 'ஏரித் திட்டம்' என்று பெயரிட்டு வீட்டுமனை போட்டது. பல்லாவரம் பெரிய ஏரியைத் துரைப்பாக்கம் ரேடியல் சாலை இரண்டாக அறுத்துச் செல்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு குப்பைமேட்டுக்கும் சாலைக்கும் கட்டடங்களுக்கும் பெரும்பகுதியை இழந்தபின் 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. இந்த இழப்புகள் கண்ணுக்குத் தெரிபவை. நீதிமன்றங்கள் பேசியிருக்கின்றன, 2007இல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆக்கிரமிப்பை அகற்றிவிட்டால் ஏரி மீண்டுவிடும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பரவியது. முழுப் பரப்பும் மீட்கப்பட்ட ஓர் ஏரி, மதகு அடைத்து, கழிவுநீரால் நிரம்பி, டிசம்பர் புயலுக்காகக் காத்திருந்தால் என்ன பயன்?

அண்மைக் கால முயற்சிகளை மதிப்போடுதான் பார்க்கிறேன். சிட்லபாக்கத்தில் 2019 கோடையில் குடியிருப்போர் தாங்களே இறங்கி ஏரியைச் சுத்தம் செய்தார்கள். அந்த அழுத்தத்தில் அரசு 25 கோடி ரூபாயில் சீரமைப்பை எடுத்துக்கொண்டது. செம்பாக்கத்தில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி மூன்றும் சேர்ந்து, கழிவுநீரை வடிகட்டி விடும் வகையில் சுமார் 100 ஏக்கர் ஏரியைச் சீரமைக்க முனைந்தன. 2017இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மணிமங்கலம் ஏரியில்தான் தொடங்கி வைத்தது. ஆனால் இவற்றில் பெரும்பாலான வேலை ஒவ்வோர் ஏரியையும் தனித்தனிக் கிண்ணமாக எடுத்துக்கொண்டு, ஆழப்படுத்தி, கரையை உயர்த்தி, நடைபாதை போடுவதில் முடிகிறது. நிரம்பித் தளும்பும் நீரே வெற்றியின் படமாகச் செய்தித்தாளில் வருகிறது. புரட்டாசியில் அந்த நீரை யார் இறக்குவது, எவ்வளவு இறக்குவது, எங்கே விடுவது என்ற கேள்விக்கு யாரிடமும் பொறுப்பு இல்லை.

பொறுப்பு இல்லாததற்குக் காரணமும் உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைவாக உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பாசனத்தை வைத்தே பிரித்திருந்தார்கள். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. இன்று ஒரே சங்கிலியில் ஏரி நீர்வளத் துறையிடம், மழைநீர் வடிகாலும் சாக்கடையும் மாநகராட்சியிடம், கடைசியில் சதுப்பு நிலத்தின் காப்புக்காடு வனத்துறையிடம் இருக்கிறது. நீர் போகும் வழி நெடுக ஒரே கையில் இல்லை.

நீரை யார், எப்போது இறக்குவது என்ற இந்தச் சிக்கலின் பெரிய வடிவத்தை 2015இல் செம்பரம்பாக்கம் காட்டியது. 3,645 மில்லியன் கனஅடி கொள்ளும் அந்த ஏரியும் உழவருக்காகக் கட்டியதே. காலப்போக்கில் சென்னையின் குடிநீர்த் தொட்டியாயிற்று. குடிநீருக்குப் பொறுப்பானவர் ஏரி நிரம்பி இருக்க வேண்டும் என்பார். வெள்ளத்துக்குப் பொறுப்பானவர் இடம் வேண்டும் என்பார். ஏறக்குறைய நிரம்பிய ஏரியிலிருந்து டிசம்பர் முதல் நாள் இரவு விநாடிக்கு 29,000 கனஅடி திறக்க நேர்ந்தது. முன்பே இறக்கியிருக்க வேண்டுமா என்று அப்போது எழுந்த வாதத்தை நெற்பயிர் தன் காலத்தில் ஆண்டுதோறும் சத்தமில்லாமல் தீர்த்து வைத்திருந்தது.

உலகில் இந்த வகைப் பாசனம் பிழைத்திருக்கும் இடங்களில் இதே உண்மை தெரிகிறது. பாலித் தீவின் சுபக் சங்கங்களில் எந்த வயலுக்கு எப்போது நீர், எப்போது தரிசு என்பதை நீர்க்கோயில்களை மையமாக வைத்து மேலூரும் கீழூரும் சேர்ந்து முடிவு செய்கின்றன. யுனெஸ்கோ 2012இல் அந்நிலத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இலங்கையின் உலர் மண்டலத்துக் குளத்தொடர்களை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2017இல் மரபு வேளாண் அமைப்பாக அங்கீகரித்தபோது, அலகாகக் கொண்டது தனிக் குளத்தை அல்ல, தொடரை.

தாம்பரத்துக்கு நெல் திரும்பி வராது. ஆனால் ஏரியைக் காலியாக்க வேறு தேவை ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது: குடிநீர். சோழர் காலத் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கும் மாடம்பாக்கத்தில், ஏரிக்குள் உள்ள கிணறுகளிலிருந்து கிழக்குத் தாம்பரம் பக்கத்துக்குக் குடிநீர் எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. மழை முடிந்த நாள் முதல் கோடை வரை அளவாக எடுத்துக்கொண்டே போனால் அதுவே புதிய ஆயக்கட்டு. அதற்கு முதல் நிபந்தனை, கழிவுநீர் ஏரிக்குள் நுழையாமல் பாதாளச் சாக்கடை முழுமை பெறுவது. ஏரி மீண்டும் ஆனியில் காய வேண்டும். காய்ந்தால் கெட்டுப்போயிற்று என்று குடியிருப்போர் பதறக் கூடாது.

அடுத்தது, ஒவ்வோர் ஏரிக்கும் புரட்டாசி முடிவில் இருக்க வேண்டிய நீர்மட்டத்தைக் கலங்கலைப் போலவே எழுதி வைக்க வேண்டும். சேலையூரிலிருந்து பள்ளிக்கரணை வரை ஒரு குழு, ஆதனூரிலிருந்து திருநீர்மலை வரை ஒரு குழு. துறை அதிகாரிகளோடு, ஏரிநீர் ஊறும் தெருக்களின் குடியிருப்போரும், வெள்ளம் முதலில் புகும் தாழ்வான குடியிருப்புகளில் இருப்போரும் அதில் வாக்குரிமையோடு இருக்க வேண்டும். கரையோரக் குடிசைவாசிகளை ஆக்கிரமிப்பாளர் என்று அகற்றுவதோடு அவர்களைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுவதால் இதைச் சொல்கிறேன். பராமரிப்புப் பணத்தை ஆண்டுதோறும் கோட்டையிலிருந்து எதிர்பார்க்காமல், அந்த நீர்ப்பிடிப்பில் வசூலாகும் சொத்துவரியிலும் குடிநீர்க் கட்டணத்திலும் ஒரு பங்கை மற்றச் செலவுகளுக்கு முன்பே எடுத்து வைக்கலாம். பர்னார்டு கணக்கில் களத்து நெல்லுக்கு இருந்த வரிசை அதுதான். அடைத்துக் கிடக்கும் மதகுகளுக்குப் புதுக் கதவு போட்டு, அவை திறக்கும் நீரைத் தெருவுக்குள் விடாமல் கீழ் ஏரிக்குக் கொண்டு செல்லும் வாய்க்கால்களை வருவாய்த் துறையின் பழைய புலப்படங்களை வைத்து அளந்து மீட்கும் வேலையைச் செம்பாக்கத்துக்கும் நன்மங்கலத்துக்கும் இடையில் தொடங்கலாம்.